தாடை வலியா? தூக்கத்தையும் கணக்கெடுங்கள்

காலையில் எழுந்ததுமே தாடை கனக்கிறது, நெற்றிப்பொட்டு விண்விண் என்கிறது, எக்ஸ்ரே எடுத்தால் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. இப்படியிருந்தால் தூக்கத்தைக் கவனிக்க வேண்டும். வலி தூக்கத்தைக் கெடுக்கும், தெரிந்ததுதான். ஆனால் தூக்கம் கெட்டாலும் வலியை அடக்கும் மூளையின் திறன் குறைகிறது. தாடை வலி யாருக்கு, ஏன் வருகிறது என்று அறிய அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ஒப்பேரா (OPPERA) என்ற ஆய்வில், தாடை மூட்டு வலி வருவதற்கு முன்பே பலருக்குத் தூக்கத்தின் தரம் சரிந்திருந்தது.

படி 1: இரண்டு வாரம் எழுதுங்கள்

தலைமாட்டில் ஒரு நோட்டு போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்தது. அப்புறம் காலை வலிக்கும் மாலை வலிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். காலையில் அதிகமாக இருந்து போகப்போகக் குறைந்தால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்று சந்தேகிக்கலாம். மாலையில் ஏறினால், பகலில் தாடையை இறுக்கி வைத்திருக்கக்கூடும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் 'ஆழ்ந்த தூக்கம்' கணக்கைப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 2: தொட்டுப் பாருங்கள்

கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். காதுக்குக் கீழே, முன்பக்கமாக ஒரு தசை புடைத்து எழும். கடிப்பதை விட்டுவிட்டு அதை மெதுவாக அழுத்துங்கள். தினமும் படுத்துகிற அதே வலி வந்தால் தசைக்கும் அதில் பங்கு உண்டு.

படி 3: தாடையைத் தளர விடுங்கள்

உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்ட வேண்டாம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொட வேண்டிய அவசியமே இல்லை. கணினித் திரையில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரித்து வையுங்கள்.

படி 4: எழும் நேரத்தை மாற்றாதீர்கள்

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி, விடுமுறையானாலும் சரி, ஒரே நேரத்தில் எழுங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதன் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

படி 5: நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்

தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு (night guard) பல் தேயாமல் காக்கும். கடிக்கும் பழக்கத்தை நிறுத்திவிடாது. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால், கார்டு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிலருக்கு மேல்தாடை கார்டு மூச்சுத்தடையை அதிகமாக்கும்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, புதிதாகத் தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போது தாடை வலித்து நெஞ்சும் இறுகினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.