ஆபரேஷனுக்கு முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் பலரும் மதுரைக்குத்தான் கிளம்புகிறோம். நல்ல நாள் பார்க்கிறோம், கூட யார் தங்குவது என்று பேசி முடிக்கிறோம், பிள்ளையார்பட்டிக்குப் போய் ஒரு அர்ச்சனையும் செய்துவிடுகிறோம். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசித் தாளை மட்டும் பிரிப்பதில்லை.

எங்கள் அப்பத்தாவின் முழங்கால் ஆபரேஷனில் நாங்கள் சறுக்கியது ரூம் விஷயத்தில். பாலிசித் தொகை 3 லட்சம். ரூம் வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய். கூட ஆள் படுக்க வசதி வேண்டுமே என்று 6,000 ரூபாய் ரூம் எடுத்தோம். மீதி 3,000 தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் ரூம் வாடகை வரம்பைப் போல் இரட்டிப்பு என்பதால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு, மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி தந்தது. இந்த வகையில் 1,20,000 ரூபாய் பில் வந்தால் 60,000 நம் தலையில் விழும். மருந்து, செயற்கை மூட்டு, பரிசோதனைச் செலவுகளில் இப்படி வெட்டக்கூடாது என்பது விதி. வெட்டியிருந்தால் விடாமல் கேளுங்கள். ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் வெட்டு கிடையாது. அட்மிஷனுக்கு முன்பே இதை பில்லிங் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது காத்திருப்புக் காலம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று ஆகியவற்றுக்குப் பல பாலிசிகளில் பாலிசி எடுத்து 2 வருடம் ஆக வேண்டும். முன்பே இருந்த நோய்க்கு, 2024-இல் வந்த விதிப்படி அதிகபட்சம் 3 வருடம். சர்க்கரை, பிரஷரை ஃபாரத்தில் எழுத வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மறைத்தது தெரிந்தால் கிளெய்மே போய்விடும்.

கேஷ்லெஸ் (கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) அனுமதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே விண்ணப்பியுங்கள். முதலில் வரும் அனுமதித் தொகை முடிவானதல்ல. கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு), கையுறை போன்றவை கடைசி பில்லில் கழியலாம். கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. போகப்போகும் ஆஸ்பத்திரி அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆனதும் ஃபைலை மூடிவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவுகளைப் பல பாலிசிகள் தருகின்றன. ஸ்கேன், மாத்திரை ரசீதுகளையும் டாக்டர் சீட்டையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.