உங்கள் டேட்டாபேஸில் யார் எதைப் பார்க்கலாம்? ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

அப்ரைசல் நெருங்கினால் டீமில் இருக்கும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது, "அக்கா, அடுத்து எந்த சர்டிஃபிகேஷன் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸில் வாடிக்கையாளரின் போன் நம்பரை யார் யாரால் பார்க்க முடியும்? பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலை ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுகிறவருக்கு அடுத்த பொறுப்பு தானாக வரும். சர்டிஃபிகேஷன் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

நான் தினமும் புழங்குவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் ஆட்களுக்கும் கேள்விகள் இவைதான், கமாண்டு மாறும்.

முதலில் மேனேஜரிடம் ஒரு வரி சொல்லி, மெயிலில் சம்மதம் வாங்குங்கள். கேட்காமல் உரிமைகளைத் துழாவுகிறவரை யாரும் நல்லபடியாக நினைக்க மாட்டார்கள்.

பிறகு ரோல் பட்டியலை, அதாவது டேட்டாபேஸில் உள்ள பயனர், குரூப் கணக்குகளின் பட்டியலை எடுங்கள். போஸ்ட்கிரெஸில் கமாண்டு அடிக்கும் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் போட்டு டியு என்று அடித்தால் போதும். எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் லாகின், நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் ஒரே லாகின் எல்லாம் அதில் இருக்கும். இவற்றைவிட மோசம், அப்ளிகேஷனே சூப்பர்யூசராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ரோலாக ஓடுவது. சூப்பர்யூசருக்கு எந்த உரிமைச் சோதனையும் கிடையாது. டேபிளில் எந்த வரியை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் ரோ லெவல் செக்யூரிட்டியும் அவரைத் தடுக்காது. காப்பி கமாண்டு வழியாக சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்கலாம், புரோகிராமையே ஓட்டலாம். அப்ளிகேஷனில் ஒரு இடத்தில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை (வெளியாள் தட்டும் எழுத்தே டேட்டாபேஸ் கமாண்டாக ஓடிவிடும் குறை) இருந்தால், போவது டேட்டா மட்டுமில்லை, சர்வரும் சேர்ந்துதான்.

பழைய லாகினைக் கண்டதும் டிராப் செய்யாதீர்கள். உள்ளே நுழைய முடியாதபடி நோலாகின் என்று மாற்றிவிட்டு, ஒரு மாதக் கடைசி தாண்டும்வரை பொறுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் ஏதாவது ரிப்போர்ட் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பை நோலாகின் துண்டிக்காது; அதைத் தனியாக நிறுத்த வேண்டும். யாரும் கத்தவில்லை என்றால், அந்த ரோலின் பெயரில் உள்ள டேபிள்களை ரீஅசைன் ஓன்ட் கமாண்டைக் கொண்டு வேறொருவருக்கு மாற்றிவிட்டு நீக்குங்கள்.

அடுத்தது பிஜி_எச்பிஏ கோப்பு. எந்த ஐபியிலிருந்து யார், எப்படி உள்ளே வரலாம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே இறுதி. மேலே யாரோ அவசரத்தில் எல்லோருக்கும் டிரஸ்ட் என்று ஒரு வரி போட்டிருந்தால், கீழே நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய அத்தனையும் வீண். டிரஸ்ட் என்றால் பாஸ்வேர்டே கேட்காது.

அதே கோப்பில் பழைய, பலவீனமான பாஸ்வேர்டு முறையான எம்டி5 என்று இருந்தால், அதைவிடப் பாதுகாப்பான ஸ்க்ராமுக்கு மாறுங்கள். பதிப்பு 14 முதல் புது பாஸ்வேர்டுகள் இயல்பாகவே ஸ்க்ராமில் சேமிக்கப்படுகின்றன. ஆனால் பழைய பாஸ்வேர்டு, மறுபடி வைக்கும்வரை எம்டி5 ஆகவே கிடக்கும். அதனால் வரிசை முக்கியம். அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் ஸ்க்ராமைத் தாங்குமா என்று பாருங்கள், பாஸ்வேர்டுகளைப் புதிதாக வையுங்கள், கடைசியில் கோப்பில் வரியை மாற்றுங்கள். எம்டி5 என்ற வரி ஸ்க்ராம் பாஸ்வேர்டையும் ஏற்கும் என்பதால் இடையில் யாருக்கும் தடங்கல் வராது. வரியை முதலில் மாற்றினால் பழைய பாஸ்வேர்டுக்காரர்கள் எல்லோரும் வெளியேதான் நிற்க வேண்டும். பாஸ்வேர்டு வைக்க பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டு கமாண்டையே பயன்படுத்துங்கள். ஆல்டர் ரோல் என்று கையால் எழுதினால் அந்த பாஸ்வேர்டு அப்படியே சர்வர் லாகில் போய் உட்காரலாம்.

உரிமைகளைத் தனித்தனி ஆளுக்குக் கொடுக்க வேண்டாம். அனலிஸ்ட், சப்போர்ட், அப்ளிகேஷன் என்று குரூப் ரோல் வைத்து, ஆட்களை அதில் சேருங்கள். பதிப்பு 14-இல் வந்த, எல்லா டேபிளையும் படிக்க விடும் பிஜி_ரீட்_ஆல்_டேட்டா ரோலைப் பார்த்தால் கை பரபரக்கும்; ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது போன் நம்பர் டேபிளையும் சேர்த்தே திறந்துவிடும். அனலிஸ்டுகளுக்கு போன் நம்பர் நெடுவரிசை (காலம்) இல்லாத ஒரு வியூ, அதாவது டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் ஜன்னல், செய்து கொடுங்கள். வியூ இயல்பாக அதன் உரிமையாளரின் அனுமதியில் ஓடுவதால், அடியில் உள்ள டேபிளைத் தொட அவர்களுக்கு உரிமையே தேவையில்லை. இனி உருவாகும் டேபிள்களுக்கு முன்கூட்டியே உரிமை வைக்கும் ஆல்டர் டிஃபால்ட் ப்ரிவிலேஜஸ் கமாண்டில் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவார்கள்: எந்த ரோலுக்காக அதை ஓட்டினீர்களோ, அந்த ரோல் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது செல்லும். பதிப்பு 15-இல், டேபிள்கள் இயல்பாகப் போய்ச் சேரும் பப்ளிக் ஸ்கீமாவில் யாரும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய வழக்கம் ஒழிந்தது. பழைய பதிப்பிலிருந்து அப்கிரேடு செய்த டேட்டாபேஸில் அது அப்படியே தொடரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்தை எழுதுங்கள். டேபிள் பெயர்களாக இல்லாமல், மேனேஜருக்குப் புரியும்படி: போன் நம்பர், முகவரி, சம்பளம், ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எதற்காக. இந்த "எதற்காக" வில்தான் நீங்கள் வளர்வீர்கள். ஒவ்வொரு டீமிடமும் போய் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். முடியாது என்று சொல்வதைவிட, உங்களுக்கு உண்மையில் என்ன எண்ணிக்கை வேண்டும் என்று கேட்பது பலிக்கும். வெட்கப்படுகிற சுபாவம் என்றால் இதுதான் நல்ல பயிற்சி. மேலிடத்தில் அக்கறை இல்லையென்றால், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

பக்கத்தின் கடைசி வரி, பேக்கப்பை எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தோம் என்பது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோட் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேபில் நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒரு மாலை ஒதுக்கிப் படியுங்கள். இரண்டாம் சர்வர் என்று நினைத்து ஓர் இன்ஜினியர் பிரதான சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், 9.6 பதிப்பு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு 9.2 பதிப்பு பிஜி_டம்ப் (பேக்கப் எடுக்கும் கருவி) ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்கின் அந்த நேர நகல்) காப்பாற்றியது.

நீங்கள் ரீஸ்டோர் செய்து பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும்: பிஜி_டம்ப் ரோல்களை எடுப்பதில்லை. ரோல் இல்லாத புது சர்வரில், உரிமை கொடுக்கும் கிராண்ட் வரிகள் எல்லாம் எரர் அடிக்கும். அந்தப் பதற்றத்தில் யாராவது எல்லோருக்கும் சூப்பர்யூசர் கொடுத்துவிடுவார்கள். பிஜி_டம்ப்ஆல் கமாண்டை ரோல்கள் போன்ற பொதுவானவற்றை மட்டும் எடுக்கும் குளோபல்ஸ் ஒன்லி என்ற ஆப்ஷனோடு தினமும் ஓட்டி, அந்தக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். அதில் பாஸ்வேர்டு ஹாஷ்கள் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) இருக்கும் என்பதால், பேக்கப் ஃபோல்டரை யார் திறக்கலாம் என்பதற்கும் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்.