எக்ஸ்பியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

அப்பாவின் பழைய கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். அவர் கணக்கு வைத்திருக்கும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. தங்கை அனுப்பிய தமிழ்க் கடிதத்தை அதில் திறந்தால் வெறும் கட்டங்கள்.

முதலில் ஒரு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்துருவை மட்டும் நகலெடுத்துப் போட்டேன். எழுத்து வந்தது, ஆனால் நோட்பேடில் 'கெ' என்று இருக்க வேண்டிய இடத்தில் ககரத்துக்குப் பின்னால் கொம்பு நின்றது. எழுத்துரு இருந்தால் போதாது, எழுத்துகளை முறைப்படி அடுக்கும் வசதியும் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

கண்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'லாங்குவேஜஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று குறிப்பிட்டிருக்கும், எழுத்துகளை அடுக்கும் அந்த வசதியை நிறுவச் சொல்லும் பெட்டியில் டிக் போட வேண்டும். உடனே எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். எங்கள் தகடு முழுக்கக் கீறல். நல்லவேளை, நிறுவத் தேவையான கோப்புகள் இருக்கும் அதன் ஐ386 (i386) கோப்புறையை முன்பே சி டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தேன், அந்த இடத்தைக் காட்டியதும் ஏற்றுக்கொண்டது. தகடு நன்றாக இருக்கும்போதே நீங்களும் இதைச் செய்துவிடுங்கள்.

கணினியை அணைத்துப் போட்டதும் லதா எழுத்துருவில் கடிதம் தெளிவாக வந்தது. அப்புறம் அதே பகுதியில் 'டீடெய்ல்ஸ்' போய்த் தமிழ் விசைப்பலகையையும் சேர்த்தேன். இடது ஆல்ட்டும் ஷிப்டும் அழுத்தினால் மொழி மாறும். அன்று மாலையே அப்பா பதில் எழுத உட்கார்ந்துவிட்டார்.