குடும்பப்பெயர் இல்லாத பாஸ்போர்ட்டும் காணாமல் போன டோஃபல் மதிப்பெண்ணும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகையுடன் விண்ணப்பித்திருந்தேன். டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் அனுப்பப்பட்டுவிட்டதாகத் தேர்வுக் கணக்கு காட்டியது. விண்ணப்பப் பக்கமோ பதினொரு நாள்களாக 'வந்து சேரவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் நான்கு இலக்கக் குறியீட்டெண்ணைச் சரிபார்த்தேன்; சரியாகவே இருந்தது. கட்டணம் செலுத்தி மீண்டும் ஒருமுறை அனுப்பினேன், அது வீண் செலவு. பொது மின்னஞ்சலுக்கு எழுதியபோது, காத்திருக்கும்படி ஆயத்தப் பதில் ஒன்று மட்டும் வந்தது.

பிறகுதான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நம்மில் பலருக்கு இருப்பதுபோல, அதில் குடும்பப்பெயர் வரி வெறுமையாக இருந்தது. என் பெயர் முழுவதும் இயற்பெயர் வரியில் இருந்தது. தேர்வுக்கு அந்த ஒற்றைப் பெயரையே கொடுத்திருந்த நான், குடும்பப்பெயர் கட்டாயம் என்று விண்ணப்பப் படிவம் அடம்பிடித்ததால், அங்கே இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே ஆள் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்ப எண், தேர்வுப் பதிவெண், பிறந்த தேதி ஆகியவற்றுடன் பாஸ்போர்ட் பக்கத்தின் நகலையும் இணைத்து, இரண்டு பதிவுகளையும் கையால் பொருத்தித் தருமாறும் விண்ணப்பத்தில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டின்படி திருத்துமாறும் சேர்க்கைப் பிரிவுக்கு நேரடியாக எழுதினேன். மூன்றாம் நாள் 'பெறப்பட்டது' என்று மாறியது; அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்திலும் இதே சிக்கல் வரும். அங்கே ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதி, இயற்பெயர்க் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட வேண்டும். அப்பாவின் பெயரை அங்கும் நுழைத்துவிடாதீர்கள்.