ஷாஃப்டை (அம்புத் தண்டை) வெட்டுவதற்கு முன்: ரீகர்வ் வில்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலில் டார்கெட்டை நட்டு ரீகர்வ் (நுனி முன்பக்கம் வளைந்த வில்) பழகுகிறவர்களைக் கவனித்தால், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே தவறுகளை அதே வரிசையில் செய்வது தெரியும். அம்பு வில்லை விட்டுக் கிளம்பியதும் வால் இப்படியும் அப்படியும் அலைகிறது. டார்கெட்டில் கோணலாகக் குத்தி நிற்கிறது. உடனே ரிலீஸ் (நாணை விடுகிற விதம்) சரியில்லை என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் விரலைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பல நேரம் கோளாறு விரலில் இல்லை, அம்பிலும் நாணிலும் இருக்கிறது.

நிற்கும் நிலை, ஆங்கர் (இழுத்த கை முகத்தில் வந்து நிற்கும் இடம்), முழங்கை எல்லாம் எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுவோம். பிடிக்கு மேலே உள்ள திட்டு, அதாவது ஷெல்ஃப், மேலேயே அம்பை வைத்து, விரலால் இழுத்து, இறகு ஒட்டிய அம்பை விடுகிற வில்லுக்கு மட்டுமே இது. வலது கைக்காரர்களுக்காக எழுதியது. இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளவும்.

காலுக்கிடையில் வளைத்து நாணேற்றுவது

லிம்ப் (வில்லின் வளைகிற பகுதி) முறுக்கிக்கொள்ளும். நாணேற்றுவதற்கான ஸ்டிரிங்கர் கயிறு வாங்குங்கள்.

பிரேஸ் ஹைட்டைப் பார்க்காமல் மற்றதைத் தொடுவது

பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம்தான் பிரேஸ் ஹைட். 60 இன்ச் ரீகர்வுக்குப் பெரும்பாலும் 7¼ முதல் 8 இன்ச்சுக்குள் வரும். வில் செய்தவர் சொன்ன அளவு கையில் இருந்தால் அதுவே முதல் அளவு. அங்கிருந்து நாணை நாலைந்து முறுக்கு கூட்டியும் குறைத்தும் அம்பு விட்டுப் பாருங்கள். வில் எந்த இடத்தில் குறைவாகச் சத்தம் போட்டு, குறைவாகக் கையில் அதிர்கிறதோ அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

புது டாக்ரான் (பாலியெஸ்டர் நூல்) நாண் முதல் சில நாள் நீண்டுகொண்டேயிருக்கும், பிரேஸ் ஹைட் தானாக இறங்கும். அது அடங்கும் முன் நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பை மாட்டும் இடத்தின் அடையாளம்) கட்டி, அம்பைச் சோதித்து எழுதி வைத்த கணக்கெல்லாம் மறு வாரம் செல்லாது. நாண் சத்தமாக அடிக்கிறது என்பதற்காக அதை எடுத்துவிட்டு, அதிகம் நீளாத ஃபாஸ்ட் ஃபிளைட் நாண் மாட்டுகிறவர்களும் உண்டு. பழைய வில்லின் நுனி அதற்கென்று வலுப்படுத்தப்படாமல் இருந்தால் விரிசல் விடும்.

நாக்கிங் பாயிண்டைத் தாழ்வாக வைப்பது

இங்கே ஏமாறுவது சுலபம். நாக் (அம்பின் வாலில் நாண் மாட்டுகிற பிளவு) தாழ்ந்திருந்தால் அம்பின் பின்பகுதி ஷெல்ஃபில் மோதி மேலே எகிறும். பார்க்கிறவர் கண்ணுக்கு நாக் உயரமாக இருப்பதுபோலவே தெரியும். அதை நம்பி இன்னும் தாழ்த்துவார், அம்பு இன்னும் எகிறும்.

ஆகவே மேலிருந்து கீழே வாருங்கள். ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வருகிற இடத்தை டி-ஸ்கொயரில் (நாணில் மாட்டி அளக்கும் மூலைமட்டம்) பார்த்து, அம்பின் அடிப்பாகம் அதைவிட 16 மி.மீ. மேலே இருக்கும்படி முதலில் வையுங்கள். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்கள் 20 மி.மீ.யில் தொடங்கலாம். பித்தளை வளையத்தை உடனே நசுக்கி மாட்டாதீர்கள். மெழுகு பூசிய தையல் நூலால் முடிச்சுப் போட்டால், திருகித் திருகி அரை மி.மீ. கூட நகர்த்தலாம். மூன்று விரல் கீழே வைப்பவர்களுக்கு நாக்குக்குக் கீழேயும் ஒரு முடிச்சு தேவை, இல்லாவிட்டால் நாக் நாணில் வழுக்கி இறங்கும்.

இறகில்லாத பேர் ஷாஃப்ட் இறகு அம்புகளைவிடக் கீழே குத்தினால் நாக் உயரம், கொஞ்சம் இறக்குங்கள். மேலே குத்தினால் நாக் தாழ்வு. மேல் கீழ் கணக்கு முடியும்வரை இடம் வலம் பக்கமே போகவேண்டாம்.

வாங்கிய அன்றே எல்லா அம்பையும் வெட்டிவிடுவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். வெட்டிய ஷாஃப்டை ஒட்ட முடியாது. ஒரு டஜன் நல்ல கார்பன் ஷாஃப்ட் பல ஆயிரம் ரூபாய், அதுவும் இங்கே கடையில் போய் எடுக்க வழியில்லாமல் வெளியூரிலிருந்து தருவிப்பது. அதைப் பெட்டி பிரித்த அன்றே பட்டறையில் கொடுத்துக் கையளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

ஒரு பையன் 35 பவுண்ட் என்று எழுதியிருக்கிற வில்லோடும், 500 ஸ்பைன் (அம்பின் விறைப்பைச் சொல்லும் எண்) அம்பு பன்னிரண்டோடும் வந்தான். எல்லாமே 27 இன்ச்சுக்கு வெட்டியது, முனையில் 100 கிரெயின் எடையுள்ள பாயிண்ட். வில்லில் எழுதியிருக்கிற 35 பவுண்ட் என்பது 28 இன்ச் இழுத்தால் வருகிற கனம். அவன் இழுப்பதோ 26 இன்ச். இன்ச்சுக்கு ஏறத்தாழ 2 பவுண்ட் குறையும், ஆகவே அவன் விரலில் வருவது 31 பவுண்ட்தான். இதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்பதில்லை. பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசை நாணில் கோத்து, தன் அளவுக்கு இழுத்துப் பார்த்தால் 14 கிலோ காட்டும். அது 31 பவுண்ட். அந்தக் கனத்துக்கு 700 ஸ்பைனில், முழு நீளத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அவன் கையில் இருந்தது கம்பி மாதிரி விறைப்பான அம்பு.

ஸ்பைன் எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நஷ்டம் வராது. 28 இன்ச் இடைவெளியில் இரண்டு முட்டு வைத்து ஷாஃப்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதே அந்த எண். 500 என்றால் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. 700 என்றால் 17.8 மி.மீ. எண் கூடக் கூட அம்பு மெலிவு, அதாவது எளிதாக வளையும். ஆனால் இது மேசைமேல் கிடக்கிற ஷாஃப்டின் கணக்கு. வில்லில் ஏறிய பிறகு வேறு கணக்குகள் சேரும். நீளம் கூடினால் மெலிவாக நடக்கும், முனை கனத்தால் மெலிவாக நடக்கும், வெட்டினால் விறைப்பாகும். விரல் நாணை விடும்போது நாண் நேராக ஓடாமல் பக்கவாட்டில் கொஞ்சம் விலகும். அதனால் அம்பு வளைந்து, ரைசரைச் (வில்லின் நடுப்பகுதி) சுற்றிக்கொண்டு வெளியேறும். அந்த வளைவு சரியான நேரத்தில் நடந்தால் வால் ரைசரைத் தொடாது. விறைப்பான அம்பு வளைய மறுத்து ரைசரில் இடிக்கும்.

மூங்கில் வில்லில் இந்தியன் ரவுண்டுப் போட்டிக்குப் பழகிவிட்டு வருகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அந்த வில்லில் அம்பு நடுக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும், பிடியைச் சுற்றிப்போக நிறைய வளையவேண்டும், ஆகவே மெலிந்த அம்பு தேவை. ரீகர்வ் ரைசர் நடுக்கோடு வரை, சிலது அதையும் தாண்டி வெட்டப்பட்டிருக்கும். அதே அம்பை இதில் விட்டால் வலப்பக்கம் ஓடும்.

அடையாளம் இதுதான். பேர் ஷாஃப்ட் இறகு அம்புகளுக்கு இடப்பக்கம் குத்தினால் விறைப்பு, வலப்பக்கம் குத்தினால் மெலிவு.

இப்போது பெரிய பொறி. அந்தப் பையனின் பேர் ஷாஃப்ட் வலப்பக்கம் குத்தியது. “அண்ணே, மெலிவுன்னுதானே காட்டுது, இன்னும் ஒரு இன்ச் எடுத்துரலாமா?” என்று கேட்டான். அம்பு மெலிவே இல்லை. அளவுக்கு மீறிய விறைப்பில் வால் ரைசரில் மோதி, மோதிய வேகத்தில் அம்பு வலப்பக்கம் தெறித்தது. ஒரு இன்ச் எடுத்திருந்தால் பன்னிரண்டு அம்பும் அடியோடு போயிருக்கும். அதோடு ஆபத்தும் இருக்கிறது. அவன் இழுப்பு 26 இன்ச், அம்பும் 26 இன்ச் ஆகிவிட்டால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும்போது முனை ஷெல்ஃபை விட்டுப் பின்னால் நழுவி, வில்லைப் பிடித்திருக்கிற கையில் அம்பு பாயலாம். இழுப்புக்கு மேல் ஒரு இன்ச்சாவது எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

மோதலைக் கண்டுபிடிக்க முதல் வழி காது. ‘டக்’ என்று ஒரு சத்தம் வில்லிலிருந்தே வரும். இரண்டாவது வழி பவுடர். இறகு அம்பின் இறகிலும் பின்பகுதியிலும் முகத்துக்குப் பூசுகிற பவுடரை லேசாகத் தடவி விட்டுப் பாருங்கள். கோலமாவு வேண்டாம், கரகரப்பாக இருக்கும், தடவினாலும் ஒட்டாது. ஷெல்ஃபின் பக்கத் தோலில் எந்த உயரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது, எந்த இறகில் பவுடர் அழிந்திருக்கிறது என்று பார்த்தால் மோதல் எங்கே என்று தெரிந்துவிடும். மோதல் இருக்கும்வரை இடம் வலம் எதையும் நம்பக்கூடாது.

சரியான வரிசை இப்படி. ஒரு டஜன் வாங்கும் முன் 600, 700, 800 ஸ்பைனில் இரண்டிரண்டு ஷாஃப்ட் மட்டும் வாங்குங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். முழு நீளத்தில் விடுங்கள். தண்டின் முனைக்குள் திருகு இன்செர்ட் போட்டு 100, 125, 150, 175, 200 கிரெயின் பாயிண்ட் மாற்றிப் பாருங்கள். முதலில் 10 மீட்டர், கையில் இருக்கிற இறகு அம்பு மூன்று, பேர் ஷாஃப்ட் இரண்டு. ஒவ்வொன்றையும் மூன்று சுற்றாவது விடுங்கள். பேர் ஷாஃப்டுகள் ஆளுக்கொரு திசையில் போனால் அன்று அம்பைத் தொடாதீர்கள், அது கையின் குறை. ஒரே பக்கம் சேர்ந்து போனால்தான் அது அம்பின் பேச்சு. பிறகு 18 மீட்டருக்குப் போங்கள். அங்கே இறகு அம்புகளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால் புதியவருக்கு அது நல்ல பொருத்தம்.

மெலிவு என்று உறுதியானால் மட்டும் வெட்டுங்கள். ஒரே ஒரு ஷாஃப்ட், முனைப் பக்கம், 6 மி.மீ. மட்டும். மறுபடி விட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு 6 மி.மீ. அந்த ஒரு ஷாஃப்ட் சரியான பிறகு மற்றவற்றை அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹாக்ஸா பிளேடு நாரைக் கிழித்துவிடும். மெல்லிய கட்டிங் வீலில் வெட்டி, விளிம்பைச் செங்கோணமாகத் தேய்க்கவேண்டும். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு வெளியே வைத்து வெட்டுங்கள், வீட்டு வளவுக்குள் வேண்டாம்.

ஏற்கெனவே வெட்டிவிட்டவர்களுக்கும் கொஞ்சம் வழி உண்டு. பாயிண்டின் கனத்தை 150, 200 கிரெயினுக்கு ஏற்றலாம், பித்தளை இன்செர்ட் போடலாம். ஷெல்ஃபின் பக்கத் தோல் தடிப்பாக இருந்தால் மெல்லியதாக மாற்றினால் அம்பு நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்து, விறைப்பு கொஞ்சம் அடங்கும். பையனின் அம்பு 200 கிரெயினில் ‘டக்’ சத்தத்தை நிறுத்தியது. ஆனாலும் பேர் ஷாஃப்ட் இடப்பக்கமே நின்றது. இறகு அதை மறைத்துவிடும் என்பதால் பழக அது போதும். நல்ல பொருத்தம் என்று சொல்லமாட்டோம்.

வைக்கோல் கட்டில் கோணத்தைப் படிப்பது

ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைக்கோல் கட்டு தன் இஷ்டத்துக்குத் திருப்பும். குத்திய இடத்தை மட்டும் பாருங்கள். அரிசிச் சாக்கில் பழைய துணியை இறுக்கித் திணித்த டார்கெட் இதைவிட நல்லது. ஆடிக் காற்றில் பேர் ஷாஃப்ட் சோதனையே வேண்டாம், விடியற்காலையில் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள்.

இறுக்கமான நாக்

நாணில் மாட்டிய அம்பைத் தொங்கவிட்டு, நாக்கிலிருந்து ஓரிரு இன்ச் தள்ளி நாணை விரலால் தட்டுங்கள். விழவேண்டும். விழாவிட்டால் நாணின் நடுவில் சுற்றியிருக்கிற சர்விங் நூலை மெல்லியதாக மாற்றுங்கள்.

இறகு

ஒரே அம்பில் இடச் சிறகையும் வலச் சிறகையும் கலக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து படுத்துவிட்ட இறகைத் தூக்கிப் போடவேண்டாம். இட்லிப் பானை ஆவியில் சில விநாடி காட்டினால் நிமிர்ந்துவிடும். கையைத் தள்ளி வையுங்கள்.

வெயிலில் நிற்கிற காருக்குள் வில்லை வைப்பது

பிள்ளையார்பட்டி போய் வருகிற நேரம் போதும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் லிம்பின் ஒட்டு விடலாம், ஹாட்மெல்ட் பசையில் ஒட்டிய பாயிண்ட் இளகலாம். இளகிய பாயிண்ட் கோணலாக இறுகினால் அம்பு வட்டமடித்துக்கொண்டு போகும். பசை ஆறியதும் அம்பை உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். முனை நடுங்கினால் சூடாக்கித் திருப்பி ஒட்டுங்கள்.

கல்லில் பட்ட கார்பன் அம்பு

இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்கு விலக்கி, நாலு பக்கமும் லேசாக வளைத்துக் காதைக் கொடுங்கள். நொறுங்குகிற சத்தம் வந்தாலோ, நகத்தில் விரிசல் தட்டுப்பட்டாலோ அங்கேயே ஒடித்துப் போடுங்கள். அப்படிப்பட்ட அம்பு நாண் தள்ளும்போது உடைந்து, சிராய் வில்லைப் பிடிக்கிற கைக்குள் இறங்கும்.