மார்கழிப் பனியில் நாய்க்குட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயிலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் வேலூர்க்காரர்கள் மார்கழிப் பனியைக் கண்டுகொள்வதில்லை. "நம்ம ஊர்ல என்ன குளிர்?" என்பார்கள். பிறந்து பத்து நாளான குட்டிக்கு இந்தக் குளிரே அதிகம். ஏறக்குறைய நான்கு வாரம்வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைச் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. தாயின் மடியும் கூடப்பிறந்தவற்றின் உடம்பும்தான் அதற்குப் போர்வை. முதல் வாரத்தில் நடுங்கக்கூட வராது. அதனால் 'நடுங்கவில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சில்லிட்டுப்போன குட்டிக்கு உடனே பால் புகட்டுவது. நானே செய்திருக்கிறேன். காட்பாடியில் ஒரு தை மாத விடியற்காலை, கால்வாய் ஓரம் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தேன். காதும் பாதமும் ஐஸ் மாதிரி இருந்தன. பாலைச் சுடவைத்து ஸ்பூனில் ஊற்றினேன். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது, மூக்கு வழியே நுரையாக வந்தது. மதியத்துக்குள் அது இறந்துவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்தால் குடல் வேலை செய்யாது, விழுங்கத் தெம்பும் இருக்காது, பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னபோதுதான் தெரிந்தது.

முதலில் சூடு, அப்புறம்தான் பால். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். வாய்க்குள் விரல் வைத்தால் கதகதப்பாக இருந்து, அது சப்பத் தொடங்கினால் பால் கொடுக்கலாம். மல்லாக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறவே இருக்கட்டும். பசும்பால் வேண்டாம். நாய்ப்பாலைவிட அதில் கொழுப்பும் புரதமும் குறைவு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கு வரும். குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள்.

சூடு கொடுக்கிறேன் என்று குண்டு பல்பை முகத்துக்கு நேரே தொங்கவிடுவதும் தவறுதான். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு கூடவே கூடாது.

வெறும் சிமெண்ட் தரை சூட்டை உறிஞ்சிவிடும். சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே பழைய வேட்டி விரியுங்கள். மூத்திரத்தில் நனைந்தால் உடனே மாற்றுங்கள், ஈரத்துணி தரையைவிட மோசம். அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்ட வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, உடனே ஈரம் போகத் துவட்டினால் போதும். சளி என்று கற்பூரத் தைலம் தடவுவதும், வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பதும் விஷம் கொடுப்பதற்குச் சமம். குட்டி துவண்டு கிடந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தெருக்குட்டிகள் இரவில் கதகதப்புக்காகக் காருக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் தட்டிவிட்டு, நான்கு சக்கரத்தையும் குனிந்து பாருங்கள்.