குடியை விட வந்தவருக்கு வாக்கு எப்போது?

யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் கூடினால் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிவிடுவார்கள். நான்காவது ஆள் வந்தால் போசகர். அந்தப் பழக்கத்தோடு, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறவர் அங்கத்துவப் படிவத்தையும் சந்தாப் பற்றுச்சீட்டையும் தேடுவார். இரண்டும் கிடையாது.

முதலில், அது எந்த வகைக் கூட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். வீட்டாருக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இயங்குகிறது.

அடுத்தது அங்கத்துவம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பிறந்த இந்த அமைப்பு, குழுக்கள் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் பன்னிரண்டு மரபுகளை 1950இல் ஏற்றுக்கொண்டது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி என்கிறது மூன்றாவது மரபு. நீங்கள் அங்கத்தவர் என்று நீங்களே சொன்னால் போதும். சாதி, சமயம், ஊர் எதுவும் கேள்வியில்லை. நேற்றுத் தவறணையில் இருந்தவர் இன்று திரும்பி வந்தாலும் அவரை வெளியே தள்ள எவருக்கும் அதிகாரமில்லை.

பிறகு சொந்தக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை குழுக்களுக்கும் போய்வரலாம். வாக்களிப்பது சொந்தக் குழுவில் மட்டும் என்பதே வழக்கம். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் மனம்விட்டுப் பேசலாம், நிர்வாக விடயத்தில் கையுயர்த்தமாட்டார். ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது என்பதால், புதியவர் எப்போதிருந்து வாக்களிக்கலாம், பொறுப்பு எடுக்க எவ்வளவு காலம் குடிக்காமல் இருக்கவேண்டும் என்பவற்றைக் குழுவிடமே கேட்டறியுங்கள்.

வாக்கெடுப்பு வழமையான அனுபவப் பகிர்வுக்கு வெளியே, தனியான நிர்வாகக் கூட்டத்தில் நடக்கும். கூட்ட நேரம், மண்டப வாடகை, சாவி யாரிடம் என்பவை அங்கே வரும். பொறுப்பாளர்கள் சேவகர்கள்தான், ஆளுகிறவர்கள் அல்லர் என்பது இரண்டாவது மரபு. நமது சபைகளில் இருபது வருடம் ஒரே நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது கசக்கும்.

நான் மிகவும் மதிக்கும் வழக்கம் இனித்தான் வருகிறது. கடைக்காரர்களின் வசதிக்காக மாலை ஆறு மணிக் கூட்டத்தை ஏழரைக்கு மாற்றலாமா என்று கேள்வி வந்ததாக வைத்துக்கொள்வோம். எட்டுக் கை ஆதரவு, ஒரு கை எதிர்ப்பு. நமது சனசமூக நிலையத்தில் என்றால் “நிறைவேறியது” என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதி மூடிவிடுவார்கள். இங்கே எதிர்த்தவரைப் பேசச் சொல்வார்கள். “ஏழரைக்குத் தொடங்கினால் எனக்குப் பருத்தித்துறைப் பஸ் கிடைக்காது, அண்ணை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்துக்கு எதிரே தவறணை,” என்கிறார் அவர். இதைக் கேட்டபின் யாராவது வாக்கை மாற்ற விரும்புகிறீர்களா என்று கூட்டத்தை நடத்துகிறவர் கேட்பார். ஒருவர் மாற்ற விரும்பினாலும் விடயம் மறுபடி பேசப்படும். வெறும் பெரும்பான்மையை விட, ஏறத்தாழ எல்லோரும் ஒத்துப்போகும் முடிவையே குழுவின் மனச்சாட்சி என்கிறார்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

கடைசியாகப் பணம். ஏழாவது மரபின்படி குழு தன் செலவைத் தானே பார்க்கவேண்டும். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பா தன் தந்தையின் பெயரில் ஒலிபெருக்கி வாங்கித் தருகிறேன் என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கூட்டத்தில் சுற்றிவரும் காசுத் தட்டில் போடுவது அங்கத்தவரின் விருப்பம். கட்டாயமில்லை, போட்ட தொகைக்கேற்ப வாக்கு அதிகரிக்காது. திறந்த கூட்டத்துக்கு உங்களோடு துணைக்கு வந்தவர் சட்டைப்பையைத் தடவினால், தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள்.